அண்ணாவியார் வந்தால் விஞ்ஞானம் யார் படிப்பிப்பது?

14 ஜூன் 2025, ஒரு பெற்றார் கேட்டது

மகன் தரம் 6. திருகோணமலை டவுனுக்குள்ள பள்ளிக்கூடம். ஆக்கத்திறனை வளர்க்கிறம் எண்டு கூத்துக்காரரையும் ஓவியரையும் வகுப்புக்குக் கூப்பிடப் போகினமாம். சம்மதம் எண்டு கையெழுத்து வைக்கச் சொல்லிக் கடிதம் வந்திருக்கு. சங்கீதம், நடனம், சித்திரம் எண்டு ரீச்சர்மார் ஏற்கெனவே இருக்கினம்தானே, பிறகு வெளியாள் எதுக்கு? போன கிழமை விஞ்ஞானப் பாடமே ரெண்டு தரம் நடக்கேல்லை. கூத்துப் பழக்கிற அண்ணாவியார் வந்தால் விஞ்ஞானம் ஆர் படிப்பிக்கிறது? அனுபவம் உள்ள ஆக்கள் சொல்லுங்கோ.

14 ஜூன், இரவு

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆள். பத்தொன்பது வருஷம். இதே கேள்வியை நானும் ஒருக்கா அதிபரிடம் கேட்டிருக்கிறேன், உங்களைவிடச் சூடாக.

கடிதத்தில் எத்தனை நாள் என்று போட்டிருக்கு? முதலில் அதைப் பாருங்கோ. ஒரு நாள் செயலமர்வு என்றால் கையெழுத்தை வைத்துவிட்டு மறந்துவிடுங்கோ. நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. பிள்ளைக்கு ஒரு ரோல்ஸும் ஒரு பக்கெற் பாலும் கிடைக்கும்.

ஒரு நாள் கலைஞர்களை நான் கண்டு களைத்தவள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையோரத்துக்கு எத்தனை வான் வண்டி வந்தது! எனக்கு அப்போது நியமனம் இல்லை, முகாமில் தொண்டராக நின்றேன். வான் வரும், கலர் பெட்டி இறங்கும், பிள்ளைகளை வட்டமாக இருத்தி மனதில் உள்ளதைக் கீறச் சொல்வார்கள், படம் எடுப்பார்கள், கைதட்டுவார்கள், போய்விடுவார்கள். மூன்றாவது வான் வந்த அன்று ஒரு சின்னப் பெட்டை தாளை வாங்கிக்கொண்டு கேட்டாள்: “ஒரு அலை கீறினாக் காணுமா, ரெண்டு அலை கீறவேணுமா?” அவளுக்கு அது வீட்டுவேலை மாதிரி ஆகிவிட்டது. வந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் அவளுடைய பெயரைக் கேட்டவர் அங்கே ஒருவரும் இல்லை.

15 ஜூன்

ஒரு நாளுக்கும் ஆறு கிழமைக்கும் என்ன வித்தியாசம் என்று கீழே கேட்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில் இதை அரச செலவிலேயே செய்து பார்த்தார்கள். 1999இல் தொடங்கி 2011 வரை நடந்தது. கலைஞர் நிகழ்ச்சி காட்ட வருவதில்லை. பள்ளிக்கூடம் தனக்கு எது சிக்கல் என்று முதலில் சொல்லவேணும்: பிள்ளைகள் வாய் திறப்பதில்லை, ஆண்பிள்ளைகள் எழுதுவதில்லை, பின்னம் ஏறுவதில்லை, இப்படி எதுவும். அதற்குப் பிறகுதான் எந்தக் கலைஞர் பொருத்தம் என்று தேடுவார்கள். திட்டம் போடுவது ஆசிரியரும் கலைஞரும் சேர்ந்து. அழகியல் பாடம்தான் என்று இல்லை, கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் போனார்கள்.

எங்கள் பக்கம் என்ன நடக்கிறது? கலைஞர் முன்னால் நிற்பார், வகுப்பாசிரியர் பின்வாங்கில் இருந்து கொப்பி திருத்துவார். ஒரு ரீச்சரை எனக்குத் தெரியும், 38 கொப்பியையும் கொண்டுவந்து அடுக்கி வைத்துக்கொண்டு, மத்தளச் சத்தத்துக்கு நடுவில் சிவப்புப் பேனையால் சரி போட்டுக்கொண்டே இருந்தா. தலை நிமிரவில்லை. அப்படியானால் எத்தனை கிழமை வந்தும் பயன் இல்லை.

15 ஜூன், பிறகு

திருத்தம். 1999 என்பது அறிக்கை வந்த வருஷம். கென் ரொபின்சன் தலைமையில் ஒரு குழு எழுதியது. திட்டம் தொடங்கியது 2002இல், முதலில் 16 பிரதேசங்களில். 2010இல் அரசாங்கம் மாறி, காசு வெட்டுப்பட்டு, 2011இல் நின்றது. பிழை காட்டிய தம்பிக்கு நன்றி. என்னுடைய வகுப்பில் இருந்தவர் போல, திகதியில் பிடிக்கிறார்.

19 ஜூன்

சரி, எங்கள் பள்ளிக்கூடத்தில் நடந்ததை முழுக்கச் சொல்லுறன்.

போன வருஷம் இரண்டாம் தவணை. தரம் 6, ஒலி பற்றிய அலகு. புத்தகத்தில் எல்லாம் இருக்கு: அதிர்வு, ஊடகம், செவி. அதை நான் பத்துத் தரம் படிப்பித்தாயிற்று. பிள்ளைகள் “ஒலி அதிர்வினால் உண்டாகிறது” என்று ஒரே குரலில் சொல்வார்கள். எது அதிருது என்று கேட்டால் கூரையைப் பார்ப்பார்கள்.

அதிபர்தான் அண்ணாவியாரைக் கொண்டுவந்தார். சம்பூர்ப் பக்கத்து ஆள். வடமோடிக் கூத்துக்காரர். 2006இல் இடம்பெயர்ந்து, 2015க்குப் பிறகு ஊர் திரும்பியவர். கூத்துக் கொப்பிகள் எல்லாம் அந்த ஓட்டத்தில் போய்விட்டன, பாட்டு முழுக்கத் தலைக்குள். தொழில் மேசன். மூதூரிலிருந்து காலை பஸ்ஸில் மத்தளத்தைச் சாறத்தால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வருவார். முன்பென்றால் லாஞ்சில் வரவேணும், அல்லது பாதையில் (ஆளையும் வண்டியையும் ஏற்றிக் கடக்கிற மிதவை) ஏறி இறங்கி ஏறி இறங்கி வரவேணும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்து, அடுத்தடுத்த பாலங்களும் வந்த பிறகுதான் ஒரு பஸ்ஸில் வந்து சேரலாம் என்று ஆனது. (கிண்ணியாப் பாலம் 396 மீற்றர். இதைப் பரீட்சையில் கேட்கமாட்டார்கள், ஆனால் திருகோணமலையில் எந்தப் பிள்ளையும் சொல்லும்.)

முதல் கிழமை அவர் ஒன்றும் படிப்பிக்கவில்லை. பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து “தகதிகதா தெய்யத் தாதெய்” என்று வாயால் சொல்லச் சொன்னார். பிறகு காலால். ஒருவன் பிழை விட்டால் எல்லாரும் முதலில் இருந்து. நாற்பது நிமிஷப் பாடவேளை அதிலேயே போனது. இரண்டாம் கிழமையும் அதே. இதுவா ஆக்கத்திறன் என்று நினைத்தேன். என்னுடைய பாடசாலைக் காலத்து வாய்ப்பாடு மாதிரி இருந்தது. ஆக்கத்திறன் என்றால் பிள்ளையைச் சும்மா விடுவது, அது தன்பாட்டில் பூக்கும் என்று நான் எங்கோ வாசித்திருந்தேன். இவர் அதற்கு நேர் எதிர்.

சோறு காய்ச்ச வேணும், மிச்சத்தைப் பிறகு எழுதுறன்.

20 ஜூன்

ஒரு விஷயம் விட்டுப்போச்சு. முதல் நாள் ஒரு பொடியன் மத்தளத்தைத் தாண்டிக் குதித்தான். அண்ணாவியார் ஏசவில்லை. அடிப்பதை நிறுத்திவிட்டு இருந்தார். ஐந்து நிமிஷம். அவன் வந்து தொட்டுக் கும்பிட்ட பிறகுதான் மற்ற அடி விழுந்தது. என்னுடைய ஆய்வுகூடத்தில் பரிசோதனைக் குழாயை உடைத்தவனுக்கே இந்த மரியாதை வந்ததில்லை.

22 ஜூன்

15ஆம் திகதி எழுதியதைத் திரும்ப வாசித்தேன். கொப்பி திருத்திய ரீச்சர் என்று ஒருவரைச் சொன்னேன்தானே. அது நான்தான்.

வேண்டுமென்று மறைக்கவில்லை என்று சொன்னால் பொய். அந்தக் கிழமை வலயத்திலிருந்து மேற்பார்வைக்கு வருகிறார்கள் என்று சொல்லியிருந்தார்கள், கொப்பி திருத்தியிருக்கவேணும், வகுப்பை ஒருவர் பொறுப்பெடுத்தால் எனக்கு ஒரு மூச்சு. அவரும் என்னோடு கதைக்கவில்லை, நானும் அவரோடு கதைக்கவில்லை. அவருக்கு நான் என்ன அலகு படிப்பிக்கிறேன் என்றே தெரியாது. நான் சொல்லவில்லையே, எப்படித் தெரியும்?

மூன்றாம் கிழமை மழை. மத்தளம் குளிர்ந்து தொப்பென்று கிடந்தது. அவர் அதை யன்னல் கட்டில் வெயிலுக்காக வைத்துவிட்டு அடிக்கடி தட்டிப் பார்த்தார். முன்வாங்குப் பிள்ளை ஒன்று கேட்டுது: “அண்ணாவியார் ஐயா, ஏன் இண்டைக்குச் சத்தம் தடிச்சுக் கிடக்கு?” அவர் சொன்னார்: “தோல் ஈரம் குடிச்சிட்டு, மகன். இறுகினாத்தான் கத்தும்.” எனக்குச் சிவப்புப் பேனை அப்படியே நின்றுபோனது. தோல் தளர்ந்தால் அதிர்வு மெதுவாகும், சுருதி தாழும். என்னுடைய அலகின் பாதி அந்த ஒரு வசனத்தில் இருந்தது. நான் இரண்டு கிழமையாக அதற்கு முதுகு காட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

அன்று இடைவேளைக்குப் பிறகு கன்ரீனில் பிளேன்ரீ குடித்தபடி முதல் தரம் அவரோடு இருந்து கதைத்தேன். அடுத்த கிழமை வீட்டிலிருந்து ஒரு பிடி குரக்கன் கொண்டுபோனேன். மத்தளத்தை நிமிர்த்திப் பிடித்து, மேல்பக்கத் தோலில் குரக்கனைத் தூவி, கீழ்ப்பக்கத்தில் அடித்தால் மேலே மணி துள்ளவேணும். அவர் தோலில் தானியம் போட முதலில் சம்மதிக்கவில்லை. யோசித்துவிட்டு, “படிப்புக்குத்தானே, பரவாயில்லை” என்றார். “ஆனா ஆர் தூக்கிப் பிடிக்கிறது? ரீச்சர், நீங்கள் ஒருக்காப் பிடியுங்கோ.”

கட்டிப்பிடித்தேன். நெஞ்சோடு அணைத்தபடி. அவர் குந்தியிருந்து கீழே ஓர் அடி போட்டார். அது என் நெஞ்செலும்புக்குள் கேட்டது, காதுக்குப் பிறகுதான் வந்தது. மேலே குரக்கன் ஒரு சாண் எழும்பி என் சேலை முழுக்கக் கொட்டியது. பிள்ளைகள் போட்ட கூச்சலுக்குப் பக்கத்து வகுப்பு சேர் எட்டிப் பார்த்தார். எது அதிருது என்று அதற்குப் பிறகு நான் கேட்கத் தேவைப்படவில்லை. கீழே அடிக்க மேலே ஏன் துள்ளுது என்று அவர்கள் என்னைக் கேட்டார்கள். உள்ளே என்ன இருக்கு, காற்றா, வெறுமையா, தண்ணி நிரப்பினால் என்ன செய்யும்? கடைசிக் கேள்விக்கு அண்ணாவியாரின் முகம் போன போக்கைப் பார்க்கவேணும்.

28 ஜூன்

“காசு ஒரு பிரச்சினை இல்லை, மனம் வேணும்” என்று வேறொரு இழையில் எழுதியிருந்தேன். ஒருவர் அதை இங்கே ஒட்டிவிட்டுக் கேட்கிறார்: அண்ணாவியாருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்?

சரியான இடத்தில் குத்தினீர்கள். மேசன் கூலி அப்போது அவருக்கு நாளுக்கு 3,500 ரூபா. எங்களிடம் வந்த ஒவ்வொரு புதனும் அந்தக் கூலி இல்லை. பாடசாலையில் வெளியாளுக்குக் கொடுக்க ஒரு செலவுத் தலைப்பும் இல்லை. வெள்ளைவர்ணத்துக்கு இருக்கு, பொன்னாடைக்கு இருக்கு. முதல் இரண்டு கிழமை பஸ் காசுகூட அவருடையது. பிறகு ஒரு பழைய மாணவர் வெளிநாட்டிலிருந்து 21,000 அனுப்பினார், ஆறு புதனுக்கு. அது வராமல் இருந்திருந்தால் மூன்றாம் புதனோடு நின்றிருப்பார், நான் இந்தக் கதையை எழுதியிருக்கமாட்டேன். மனம் வேணும் என்று சொல்வது மாதச் சம்பளக்காரருக்கு லேசு. அந்த வசனத்தை வாபஸ் வாங்குறன்.

நோர்வேயில் 2001இலிருந்து எல்லாப் பிள்ளைக்கும் பாடசாலையிலேயே கலைஞரைக் கொண்டுவருகிறார்கள், “பண்பாட்டுப் புத்தகப்பை” என்று அதற்குப் பெயர். செலவு அரச லொத்தர் இலாபத்திலிருந்து. எங்கள் லொத்தர் காசும் எங்கோ போகுதுதானே. (இதை அரசியல் இழையாக மாற்றவேண்டாம், மட்டுறுத்துநர் என்னைத்தான் ஏசுவார்.)

5 ஜூலை

கேள்வி கேட்ட பெற்றாருக்கு நான் இன்னும் ஒன்றுக்குப் பதில் சொல்லவில்லை: அழகியல் ரீச்சர்மார் இருக்கும்போது வெளியாள் எதற்கு?

எங்கள் நடன ரீச்சர் என்னிடம் நேரே கேட்டா, “அப்ப நாங்கள் எதுக்கு இருக்கிறம்?” என்று. எனக்கு அப்போது கோபம். இப்போது அவவின் பக்கம் விளங்குது. தரம் 6இல் பிள்ளை சித்திரம், சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும் என்று ஒன்றைத் தெரிவுசெய்யும். சாதாரண தரத்துக்கு வந்தால் தொகுதிப் பாடம், ஒரு பெறுபேற்று எழுத்து. தவணைக்குத் தவணை அவவின் பாடவேளையைத்தான் கணிதக்காரரும் விஞ்ஞானக்காரரும் (நானும்) கடன் வாங்குவோம், திருப்பிக் கொடுத்ததே இல்லை. அப்படியிருக்க, திடீரென்று வெளியிலிருந்து ஓர் அண்ணாவியார் வந்தால் மாலை, படம், அதிபரின் உரை. யாருக்குத்தான் எரியாது?

வெளியாளை நாங்கள் ஏற்கெனவே கூப்பிடுகிறோம் என்பதையும் அவதான் சொன்னா. தமிழ்த்தினப் போட்டிக்கு. கூத்து நிகழ்ச்சிக்கு அண்ணாவியாரைப் பிடிப்போம், மூன்று கிழமை இரவும் பகலும் பழக்குவார், வலயத்தில் முதலிடம், மாகாணத்துக்குப் போவோம். கிண்ணம் அலுமாரிக்குள். அந்தப் பிள்ளைகளிடம் அடுத்த மாதம் ஒரு புது வரி கட்டச் சொன்னால் தெரியாது, ஏனென்றால் ஒருநாளும் அவர்களைக் கட்டச் சொல்லவில்லை. கூலிக்கு ஆள் பிடிப்பதைக் கூட்டு என்று சொல்லேலாது.

கூட்டு என்றால் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் செய்தது. அறுபதுகளில் மட்டக்களப்பு அண்ணாவிமாரைப் பல்கலைக்கழகத்துக்கே கூட்டிக்கொண்டு போனார். விடிய விடிய ஆடும் கூத்தை ஒரு மாலைப் பொழுதுக்குள் சுருக்கி கர்ணன் போர், 1964இல் இராவணேசன் என்று மேடையேற்றினார்கள். அண்ணாவியாருக்கு ஆட்டம் தெரியும், மாணவருக்கு மேடை தெரியும், இரண்டு பக்கமும் விட்டுக்கொடுத்தது. இராவணன் வெட்டு என்கிற எங்கள் மலைப் பிளவுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு நாங்கள் இங்கிலாந்தை உதாரணம் காட்டுகிறோம். முதல் ஆள் நான்தான்.

13 ஜூலை

கலை கூடினால் கணக்குக் குறையும் என்று எழுதியவருக்கு: பீசா என்ற சர்வதேசச் சோதனையில் 2022இல் ஆக்கச் சிந்தனையையும் அளந்தார்கள், 60 புள்ளிக்கு. சிங்கப்பூர் 41 எடுத்து முதலிடம், ஓஈசிடி என்ற வசதியான நாடுகளின் அமைப்பில் சராசரி 33. அதே வருஷம் கணிதத்திலும் சிங்கப்பூர்தான் முதல். இதை வைத்துக் கலையால் கணக்கு வரும் என்று நான் சொல்லமாட்டேன். ஒன்று மற்றதைத் தின்னவில்லை என்று மட்டும் சொல்லலாம். இலங்கை அந்தச் சோதனையில் இல்லை.

கிண்ணியாவில் படிப்பிக்கிற சிநேகிதி இதை வாசித்துவிட்டு அழைத்தா. எங்கட பக்கம் கூத்துக்குப் பெற்றார் விடமாட்டினம், ஆனால் களிகம்பு எண்டு கோலடிச்சு ஆடுற ஆக்கள் இருக்கினம், றபான் மேளம் இருக்கு, அதுக்கும் தோல்தானே, குரக்கன் துள்ளாதா என்று கேட்டா. துள்ளும். றபானுக்கு ஒரு பக்கம்தான் தோல், அதனால் பரிசோதனையை மாற்றவேணும். பக்கத்தில் பிடித்து வேறொன்றை அடிக்கலாம். அரை மணித்தியாலம் இதையே கதைத்தோம். அடுப்பில் பருப்பு அடிப்பிடித்தது.

24 ஜூலை, ஆடி அமாவாசை

அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க விடியக் கோணேசர் கோயிலுக்குப் போனோம். கோட்டைக்குள் மான்கள் சனத்தைப் பார்த்து ஒதுங்கக்கூட இல்லை. ஒன்று வாழைப்பழத் தோலைத் தின்றுகொண்டு நின்றது. உடனே எனக்கு அந்தப் பொடியனின் ஞாபகம்.

ஐந்தாம் கிழமை. தாளம் காலில் ஏறிவிட்டது. அண்ணாவியார் முதல் தரமாகச் சொன்னார்: “இனி உங்கட ஆள் ஒருத்தருக்கு வரவு கட்டுங்கோ.” கூத்தில் ஒவ்வொரு பாத்திரமும் வரவுப் பாட்டோடுதான் களரிக்குள் வரும். பிள்ளைகள் ராசா, மந்திரி, அருச்சுனன் என்று தொடங்கினார்கள். பின்வாங்கில் ஒருவன், பரீட்சையில் இருபதைத் தாண்டாதவன், மத்தளத்தைத் தாண்டிக் குதித்தவனும் அவன்தான், எழும்பிச் சொன்னான்: “மான் வரலாமா, ஐயா? பஸ் ஸ்ராண்ட் மான்?”

வகுப்பு சிரித்தது. அண்ணாவியார் சிரிக்கவில்லை. “மான் ராசா மாதிரி வருமா, களவுக்கு வருமா?” என்று கேட்டார். அவன் யோசித்தான். “ராசா மாதிரித்தான் வரும். வந்து களவெடுக்கும்.” மதியத்துக்கிடையில் இரண்டு வரி வந்தது:

வந்தேனே மான் ராசா வந்தேனே – பஸ்
ஸ்ராண்டிலே லஞ்சீற் தின்ன வந்தேனே

அண்ணாவியார் அடித்துப் பார்த்தார். “லஞ்சீற்” (சோத்துப் பார்சல் சுற்றுற தாள்) தாளத்தில் இடறுது. மாற்று என்றார். அவன் “பொலித்தீன்” போட்டான், அதுவும் இடறியது. “குப்பை” போட்டான், தாளம் சரி, ஆனால் அவனுக்கே பிடிக்கவில்லை, “மானுக்கு அது குப்பை இல்லை ஐயா” என்றான். அந்த வசனத்தை நான் என்னுடைய பாடக்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன். கடைசியில் “சோத்துப்பை” என்று நின்றது. ஒரு சொல்லுக்கு அரை மணித்தியாலம். இதே பொடியன் என்னுடைய வினாத்தாளில் விடையை ஒருக்கா எழுதிவிட்டுத் திரும்பிப் பார்க்கமாட்டான்.

19ஆம் திகதி ஜூன் எழுதியதற்கு இங்கேதான் பதில். முதல் இரண்டு கிழமை தகதிகதா வாய்ப்பாடு மாதிரி என்றேன். அந்த வாய்ப்பாடு காலில் இல்லாமல் இருந்திருந்தால் லஞ்சீற் இடறுவது அவனுக்கே கேட்டிருக்காது. அவன் “சும்மா விட்டால் பூப்பவன்” இல்லை. சும்மா விட்டால் மத்தளத்தைத் தாண்டிக் குதிப்பான்.

ஒலி அலகுப் பரீட்சையில் அவனுக்கு எவ்வளவு என்று கேட்பீர்கள். 34. இருபதிலிருந்து 34. அற்புதம் ஒன்றும் இல்லை. செவியின் படத்துக்கு இன்னமும் பெயர் குறிக்கத் தெரியாது.

10 ஓகஸ்ட்

இன்று புலமைப்பரிசில் பரீட்சை. வாசலில் தாய்மார் நிற்கிற நிலையைப் பார்த்தால் உள்ளே இருப்பது பத்து வயதுப் பிள்ளைகள் என்று யாரும் நம்பமாட்டார்கள். மேற்பார்வைக் கடமை முடிந்து வந்து இதை எழுதுறன்.

கேள்வி கேட்ட பெற்றார் நேற்றுச் சொன்னார், கடிதத்தில் “எட்டுக் கிழமை, வகுப்பாசிரியர் உடனிருப்பார்” என்று இருக்காம், கையெழுத்து வைத்துவிட்டாராம். ரீச்சர் கொப்பியோடு போனால் எனக்கு அறிவிப்பாராம். தாராளமாக அறிவியுங்கோ.

பின்னேரம் அண்ணாவியார் அழைத்தார். கட்டட வேலை ஒன்றும் இல்லாத கிழமையாம், தலைக்குள் உள்ளதை எல்லாம் ஒரு சீஆர் கொப்பியில் எழுதத் தொடங்கியிருக்கிறார். போன கூத்துக் கொப்பிகளுக்குப் பதில். முதல் இருபது பக்கமும் பழைய வரவுகள். பிறகு கேட்டார்: “ரீச்சர், அந்த மான் வரவையும் இதில போடுறன். ரெண்டு அடி ஞாபகம், கடைசி அடி வருகுதில்லை. அந்தப் பொடியனைக் கேட்டுச் சொல்லுறீங்களா? பேரையும் முழுசாச் சொல்லுங்கோ, கட்டினவர் எண்டு எழுதவேணும்.”

பள்ளிக்கூடம் தொடங்கட்டும், கேட்டுச் சொல்லுறன் என்றேன். அதற்கிடையில் அவன் சோத்துப்பையையும் மாற்றியிருப்பான்.